வினைக்குப் பின்னால் வரும் சின்னச் சொல்

திருப்பூரில் ஏற்றுமதி அலுவலக வேலைக்குப் போகிற பிள்ளைகளுக்கு மாலையில் ஆங்கில மெயில் எழுதக் கற்றுத்தருகிறேன். போன வாரம் திருத்திய தாள்களில், 20 வருடத்துக்கு முன்பு நான் செய்த அதே பிழைகள். இன், ஆன், அட் குழப்பத்தை எல்லோரும் சொல்லித் தருகிறார்கள். அதை விடுகிறேன்.

டிஸ்கஸ் அபௌட்

'பற்றிப் பேசினோம்' என்று மனதில் ஓடுவதால் அபௌட் வந்து ஒட்டிக்கொள்கிறது. 'வீ டிஸ்கஸ்ட் த ஆர்டர்', அவ்வளவுதான். டிஸ்கஷன் என்று பெயர்ச்சொல்லானால் அபௌட் வரலாம். ரிக்வெஸ்ட்டும் அப்படியே: 'யுவர் ரிக்வெஸ்ட் ஃபார் சாம்பிள்ஸ்' சரி, 'வீ ரிக்வெஸ்ட் ஃபார் சாம்பிள்ஸ்' தவறு.

அக்ரீ டு, அக்ரீ வித்

இதை இன்னும் என்னால் பொறுக்க முடியவில்லை. அப்போது ஒரு பனியன் கம்பெனியில் இருந்தேன். காலர் நிறம் உடம்புத் துணியோடு சேரவில்லை, பில்லில் 5 சதவீதம் கழிக்கிறோம் என்று வெளிநாட்டு பையர் எழுதியிருந்தார். நிறம் மாறியது உண்மை. அதை மட்டும் ஏற்று, விலையைப் பிறகு பேசலாம் என்பது முதலாளியின் எண்ணம். நான் எழுதியது: 'வீ அக்ரீ டு யுவர் க்ளெய்ம்.' கழித்த பிறகுதான் பணம் வந்தது. கேட்டதற்கு என் மெயிலையே திருப்பி அனுப்பினார்கள். 'வீ அக்ரீ வித் யூ அபௌட் த ஷேட்' என்று எழுதியிருந்தால் விலைப் பேச்சுக்கு இடம் இருந்திருக்கும்.

தமிழிலேயே இந்த வித்தியாசம் இருக்கிறது. 'அவரோடு ஒத்துப்போகிறேன்', இது வித். 'அதற்குச் சம்மதிக்கிறேன்', இது டு. கருத்து ஒன்றானால் 'ஓடு', கேட்டதைக் கொடுப்பதானால் 'க்கு'. விலை, தேதி, தள்ளுபடி வரும் மெயிலில் 'அக்ரீ டு' எழுதும் முன் முதலாளியிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். போன வாரத் தாள்களில் 4 பேர் கேட்காமலே சம்மதித்திருந்தார்கள்.

ரீச் டு

'சென்னைக்கு ரீச் ஆயிட்டேன்' என்ற பேச்சின் 'க்கு'தான் இந்த டு. 'ஐ ரீச்ட் சென்னை' போதும். அரைவ் என்றால் ஊருக்கு இன், ஏர்போர்ட்டுக்கு அட்.

கோப் அப் வித்

அப் வேண்டாம்.

எக்ஸ்பிளெயின் மீ

இங்கே மட்டும் 'க்கு'வை விழுங்கிவிடுகிறார்கள். 'எக்ஸ்பிளெயின் இட் டு மீ.'