தொடர் முறை ஈரக் குருணையாக்கம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாத்திரையாக அழுத்தும் முன் மருந்துப் பொடியில் தண்ணீர் சேர்த்துச் சிறு குருணைகளாக்குவதுதான் ஈரக் குருணையாக்கம். பழைய முறைப்படி பெரிய மிக்ஸரில் மொத்தமாகப் பிசையும்போது தண்ணீர் ஓர் இடத்தில் கூடிவிட்டாலும் கலக்கக் கலக்கப் பரவிவிடும். பொடியும் தண்ணீரும் ஓயாமல் உள்ளே போய், குருணை ஓயாமல் வெளியே வரும் தொடர் முறையில் அதற்கு நேரமே கிடையாது. இரண்டு திருகுகள் சுழன்று பொடியைக் குருணையாக்கும் ட்வின் ஸ்க்ரூ கிரானுலேட்டருக்குள் பொடி இருப்பது சில வினாடிகள்தான். மாத்திரை தயாரிப்பில் பழைய முறையிலிருந்து இதற்கு மாறுகிறவர்கள் பழைய பழக்கங்களையும் கூடவே கொண்டுவந்துவிடுகிறார்கள்.

முதலில் ஃபீடர், அதாவது பொடியை அளந்து உள்ளே அனுப்பும் கருவி. தன்னிலுள்ள பொடியின் எடை எவ்வளவு குறைகிறது என்று பார்த்துப் பார்த்துத்தான் அது பொடியைத் தள்ளுகிறது. அதன் பொடித் தொட்டியான ஹாப்பரை நிரப்பும் சில வினாடிகளுக்கு அந்த எடையை நம்ப முடியாது என்பதால், ஸ்க்ரூ வேகத்தை மட்டும் வைத்து ஓடும். ஹாப்பர் காலியாகும்வரை விட்டுவிட்டு மேலிருந்து கொட்டினால், விழும் பொடி அடியிலிருப்பதை அழுத்தி இறுக்கிவிடும். அதே சுற்றுக்குக் கூடுதல் பொடி போகும். தண்ணீர் பம்ப் மட்டும் பழைய அளவிலேயே ஓடும். அந்த நேரத்துக் குருணை சரியாகச் சேராமல் மாவாக வரும். ஹாப்பர் பாதி இறங்கும் முன்பே, கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி நிரப்புங்கள்.

ஓட்டம் தொடங்கியதும் வருவதை உடனே நல்ல குருணையில் சேர்ப்பதும் தவறு. பேரலின் (ஸ்க்ரூக்கள் சுழலும் உருளையின்) வெப்பமும் டார்க்கும் (ஸ்க்ரூவைச் சுழற்றும் முறுக்கு விசையும்) நிலைக்கு வரட்டும்.

என் கணிப்பில், அதிகம் கோட்டை விடுவது உலர்த்துவதில்தான். ஜிஇஏ நிறுவனத்தின் கன்சிக்மா 25 போன்ற இயந்திரத்தில் உலர்த்தி ஆறு அறைகளாகப் பிரிந்திருக்கும்; ஒவ்வொன்றாக நிரம்பும். மணிக்கு 25 கிலோ ஓடி, ஓர் அறை நிரம்ப 3 நிமிடம் என்றால் அதில் 1.25 கிலோ விழும். அதே அறையில் முதலில் விழுந்த குருணை, கடைசியில் விழுந்ததைவிட 3 நிமிடம் கூடுதலாகக் காய்கிறது. ஆறு அறைகளின் சராசரி ஈரத்தை மட்டும் பார்த்து ‘சரி’ என்று விட்டால், ஓர் அறை ஈரமாகவும் இன்னொன்று வறண்டும் போயிருப்பது தெரியாது. ஈரமானது மாத்திரையை அழுத்தும் ‘பஞ்ச்’ தண்டில் ஒட்டும்; அதிகம் காய்ந்தது உடைந்து தூளாகும். அறை அறையாகப் பாருங்கள்.

உள்ளே வரும் காற்றின் வெப்பத்தை மட்டும் நம்பாதீர்கள். காற்றைச் சூடாக்கினால் அதிலுள்ள ஈரம் போய்விடாது. மழைக்காலத்து 60 டிகிரியும் கோடைகாலத்து 60 டிகிரியும் ஒன்றல்ல.

அப்புறம் எல்ஓடி, அதாவது மாதிரியைச் சூடாக்கி எடை எவ்வளவு குறைகிறது என்று பார்த்து ஈரத்தை அளக்கும் சோதனை. மாத்திரையில் நிரப்புபொருளாகச் சேர்க்கும் லாக்டோஸ் மோனோஹைட்ரேட்டின் படிகத்துக்குள்ளேயே சுமார் 5 சதவீதம் நீர் உண்டு. மாதிரியை அதிகச் சூட்டில் வைத்தால் அதில் ஒரு பகுதியும் வெளியேறி, குருணை இன்னும் ஈரமாக இருப்பதாகக் காட்டும். அதை நம்பி உலர்த்தும் நேரத்தைக் கூட்டினால் நல்ல குருணையும் கெடும். சோதனைச் சூட்டை 80 டிகிரி அளவில் வைப்பது பாதுகாப்பு.

கடைசியாக, கோளாறு வந்தால் எவ்வளவை ஒதுக்குவது என்பதை முன்பே கணக்கிட்டு வையுங்கள். மருந்துத் தர விதிகளை நாடுகளுக்கிடையே ஒருங்கிணைக்கும் ஐசிஹெச் அமைப்பு தொடர் உற்பத்திக்காக 2022 நவம்பரில் இறுதியாக்கிய க்யூ13 வழிகாட்டியும் இப்படி ஒதுக்கும் திட்டத்தை எதிர்பார்க்கிறது. கிரானுலேட்டரில் 10 வினாடிக் கோளாறுதானே என்று 10 வினாடிப் பொருளை மட்டும் கழிக்க முடியாது. உலர்த்தியில் அது மற்றதோடு கலந்துவிடும். அந்த அறையின் 1.25 கிலோவையும் சேர்த்தே வெளியே எடுக்க வேண்டும்.