பேஸ்பால் கார்டுகளை பைண்டரில் அடுக்கும்போது செய்யக்கூடாத தவறுகள்

பேஸ்பால் வீரர்களின் படம் அச்சிட்டு, சேகரிப்பவர்களுக்காக வரும் சிறு அட்டைகள்தான் பேஸ்பால் கார்டுகள். 1987இல் டாப்ஸ் நிறுவனம் வெளியிட்ட பேஸ்பால் கார்டு செட்டில் மொத்தம் 792 கார்டுகள். மரப்பலகை போன்ற விளிம்போடு வந்த அந்த செட் அமெரிக்காவில் எத்தனையோ வீடுகளின் அலமாரிகளில் இன்னும் இருக்கிறது. பைண்டரில் கோக்கும் பிளாஸ்டிக் தாள் ஒன்றுக்கு ஒன்பது பாக்கெட், பாக்கெட்டுக்கு ஒரு கார்டு என்று வைத்தால், மிச்சம் மீதி இல்லாமல் சரியாக 88 தாள்கள். பாரி பாண்ட்ஸ் என்ற வீரரின் கார்டு எண் 320. அது 36ஆம் தாளின் நட்ட நடுப் பாக்கெட்டில் உட்காரும். மார்க் மெக்வயரின் எண் 366. அது 41ஆம் தாளில், நடு வரிசையின் வலது ஓரம். எண் வரிசையில் அடுக்கினால் எந்தக் கார்டையும் தேடவே வேண்டாம், கை தானாக அந்தப் பக்கத்துக்குப் போகும்.

இந்தக் கணக்கை ஆரம்பத்திலேயே குலைத்துவிடுகிறவர்கள் நிறையப் பேர். கையில் இருக்கிற கார்டுகளை மட்டும் இடைவெளி இல்லாமல் அடுக்கிவிடுவார்கள். பார்க்க நிறைவாக இருக்கும். விடுபட்ட 214ஆம் எண் கார்டு பிறகு கிடைத்தால்தான் சிக்கல் தெரியும். அதைச் சொருக, அதற்குப் பின்னால் இருக்கும் ஐந்நூற்றுச் சொச்சம் கார்டுகளையும் ஒவ்வொரு இடமாக நகர்த்த வேண்டும். அத்தனை கார்டுகளையும் உருவி மறுபடி போடும்போதுதான் மூலைகள் மழுங்குகின்றன. இல்லாத கார்டின் பாக்கெட்டைக் காலியாகவே விடுங்கள். எண் எழுதிய ஒரு அட்டைத் துண்டை அதில் வைத்தால் இன்னும் நல்லது. எதைத் தேடி வாங்க வேண்டும் என்ற பட்டியலும் அதுவே ஆகிவிடும்.

அணிவாரியாகப் பிரித்து வைப்பது இன்னொரு வழக்கம். ஒரே அணியின் ரசிகருக்கு அது சரி. மற்றவர்களுக்குத் தலைவலி. ரிக்கி ஹெண்டர்சன் ஒன்பது அணிகளுக்கு ஆடியவர். அவரை எந்த அணியின் பக்கத்தில் வைப்பது? அணி மாறிய வீரர்களுக்காகவே 1981 முதல் டாப்ஸ் ‘டிரேடட்’ என்று 132 கார்டுகள் கொண்ட தனிப் பெட்டி போட்டது. ஆக, அதே ஆண்டில் ஒரே ஆளுக்கு இரண்டு அணிகளின் சீருடையில் கார்டு இருக்கலாம். ஆண்டு, செட், எண் என்ற வரிசையே குழப்பம் இல்லாதது என்பது என் கருத்து. உங்களுக்குப் பிடித்த வீரருக்கோ அணிக்கோ தனியாக ஒரு பைண்டர் வையுங்கள். செட் பைண்டரை அதோடு கலக்காதீர்கள்.

அடுத்தது அளவு. இன்றைய கார்டின் அளவு இரண்டரை அங்குலத்துக்கு மூன்றரை அங்குலம். ஆனால் இது 1957இல்தான் டாப்ஸில் நிலைத்தது. 1952 முதல் 1956 வரை வந்த டாப்ஸ் கார்டுகள் சற்றுப் பெரியவை: அகலம் 2⅝ அங்குலம், உயரம் 3¾ அங்குலம். வித்தியாசம் அற்பமாகத் தெரியும். ஒன்பது பாக்கெட் தாளில் திணித்துப் பாருங்கள், கார்டு லேசாக வளைந்து நிற்கும், தலைப்பகுதி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அந்தக் கார்டுகளுக்கென்றே எட்டு பாக்கெட் தாள்கள் கிடைக்கின்றன. எதிர்த் திசையில், போமன் என்ற நிறுவனத்தின் 1951ஆம் ஆண்டுக் கார்டும் 1909 முதல் 1911 வரை சிகரெட் பாக்கெட்டுகளில் வந்த டி206 கார்டுகளும் சிறியவை. அவற்றைப் பெரிய பாக்கெட்டில் போட்டால் பக்கம் புரட்டும்போதெல்லாம் அங்குமிங்கும் சரிந்து, ஓரம் தேயும். முதலில் கார்டை அளக்க வேண்டும், அதற்குப் பிறகுதான் தாள் வாங்க வேண்டும். அளந்து பார்க்க ஐந்து நிமிடம் ஆகாது. ஆனாலும் பெரும்பாலானோர் பைண்டரும் தாளும் வாங்கிவிட்டுத்தான் கார்டையே எடுத்துப் பார்க்கிறார்கள்.

இப்போது பைண்டருக்கு வருவோம். பள்ளிக்கூடத்துக்கு எடுத்துப்போகும் வட்ட வளைய பைண்டர் வேண்டவே வேண்டாம். அதில் வளையம் முதுகுப் பட்டையில் பொருத்தப்பட்டிருக்கும். மூடும்போது தாள்கள் வளையத்தின் வளைவோடு சேர்ந்து வளையும். வளையத்தை ஒட்டிய பாக்கெட்டில் உள்ள கார்டின்மேல் உலோகம் அழுந்தும். ஓரிரு வருடம் கழித்து அந்தக் கார்டை வெளியே எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால், இடது ஓரத்தில் பிறை வடிவத்தில் ஒரு பள்ளம் தெரியும். இந்தத் தழும்பு மறையாது. டி எழுத்து வடிவ வளையம் உள்ள பைண்டரில் வளையம் பின்னட்டையில் இருக்கும், அதன் ஒரு பக்கம் நேராக இருக்கும். தாள்கள் ஒன்றன்மேல் ஒன்று தட்டையாகப் படியும். அப்படிப்பட்டதே என்றாலும் அளவுக்கு மீறி நிரப்பக்கூடாது. அட்டை இரண்டும் இணையாக நிற்காமல் வாய் பிளந்தால், பாதித் தாள்களை வேறொரு பைண்டருக்கு மாற்றிவிடுங்கள். அலமாரியில் புத்தகம் போல நிறுத்தி வையுங்கள். படுக்கவைத்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் அடியில் இருப்பதுதான் மொத்தப் பாரத்தையும் தாங்கும்.

தாளின் பிளாஸ்டிக்கையும் கவனிக்க வேண்டும். பழைய தாள்கள் பல பி.வி.சி.யால் ஆனவை. அதை மென்மையாக்கச் சேர்க்கும் வேதிப்பொருள் நாளாக ஆகக் கசியும். கார்டு தாளோடு ஒட்டும், மேல்பரப்பில் எண்ணெய்ப் பூச்சு போல மினுமினுப்பு வரும். கண்டுபிடிப்பது சுலபம்: புது ஷவர் திரையைப் பிரித்ததும் வரும் அந்தக் காட்டமான வாசனை, கையில் பிசுபிசுப்பு. இரண்டில் ஒன்று இருந்தாலும் தாளை மாற்றிவிடுங்கள். பாலிப்ரொப்பிலீன், பாலிஎஸ்டர் தாள்கள் பாதுகாப்பானவை. உறையில் பி.வி.சி. இல்லை, அமிலம் இல்லை என்று அச்சிட்டிருக்கும். அப்படி எதுவும் எழுதாத மலிவுத் தாளை வாங்காதீர்கள்.

கார்டை உள்ளே போடும் விதத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை, ஆனால் சேதம் அதிகம் நடப்பது அந்த இரண்டு நொடியில்தான். 1971இன் டாப்ஸ் கார்டுகளுக்குக் கறுப்பு விளிம்பு. வெள்ளை அட்டையின்மேல் கறுப்பு மை. இறுக்கமான புதுப் பாக்கெட்டில் ஒரு மூலை உரசினால் போதும், மை உதிர்ந்து வெள்ளைப் புள்ளி தெரியும். அதனால் பாக்கெட்டின் இரண்டு பக்க ஓரங்களையும் விரலால் மெல்ல உள்நோக்கி அழுத்துங்கள், வாய் அகலமாகத் திறக்கும். கார்டை நீளவாட்டு ஓரங்களில் பிடித்து நேராக இறக்குங்கள். கடைசிக் கால் அங்குலத்தை மேல் விளிம்பின் நடுவில் விரல் வைத்துத் தள்ளுங்கள், மூலையில் வேண்டாம். கொஞ்சம் விலை போகும் கார்டு என்றால் முதலில் மெல்லிய ‘பென்னி ஸ்லீவ்’ உறையில் போட்டு, உறையோடு சேர்த்துப் பாக்கெட்டில் இறக்கலாம். கொஞ்சம் இறுக்கமாக இருக்கும், ஆனால் அட்டை எதிலும் உரசாது.

இடத்தை மிச்சப்படுத்த ஒரு பாக்கெட்டில் இரண்டு கார்டுகளை முதுகோடு முதுகாக வைப்பவர்கள் உண்டு. 88 தாள் 44 ஆகிவிடும், உண்மைதான். ஆனால் கார்டு எண்ணும், வீரரின் ஆண்டுவாரி ரன் கணக்கும் பின்பக்கத்தில்தான் இருக்கின்றன. எத்தனையோ பேர் பேஸ்பாலைக் கற்றுக்கொண்டதே அந்தப் பின்பக்கத்தைப் படித்துத்தான். அதை மறைத்துவிட்டால் பைண்டர் எதற்கு? அதோடு டாப்ஸ் கார்டுகள் விற்பனைக்கு வந்த மெழுகுத் தாள் பொட்டலங்களில் 1991 வரை சூயிங்கமும் சேர்ந்து வரும். பின்பக்கத்தில் கம் கறையோ மெழுகுக் கறையோ உள்ள கார்டை இன்னொன்றோடு ஒட்டி வைப்பது ஆபத்து. இடம்தான் பிரச்சினை என்றால் டூப்ளிகேட் கார்டுகளை 800 கார்டு கொள்ளும் அட்டைப் பெட்டிக்கு மாற்றுங்கள். எல்லாமே பைண்டரில் இருந்தாக வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

சீருடைத் துணித் துண்டு பதித்த தடிமனான கார்டுகளுக்கும் பைண்டர் ஆகாது. பாக்கெட் கிழியும், எதிர்ப்பக்கக் கார்டும் அழுந்தும். அவற்றை அந்தந்தத் தடிமனுக்கு ஏற்ற கெட்டி பிளாஸ்டிக் உறையில் வைத்துவிட்டு, பைண்டரில் ஒரு குறிப்புச் சீட்டு மட்டும் போடுங்கள். கையெழுத்துப் போட்ட கார்டுகளை வெயில் படும் ஜன்னல் பக்கம் வைக்கக்கூடாது, மை வெளிறிவிடும். கூரைக்கு அடியில் உள்ள அறையும் நிலவறையும் வேண்டாம். ஒன்றில் வெக்கை, மற்றதில் ஈரம். படல மினுமினுப்புள்ள குரோம் கார்டுகள் ஈரப்பதம் மாறினாலே வளையும்.

ஒட்டுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்துக்குத் தன் சேகரிப்பு முழுவதையும் கொடுத்தவர் ஜெபர்சன் பர்டிக். டி206 என்று இன்று நாம் சொல்லும் பெயரே அவர் தயாரித்த பட்டியலிலிருந்து வந்தது. அவருடைய சேகரிப்பில் பேஸ்பால் கார்டுகள் மட்டுமே முப்பதாயிரத்துக்கு மேல். மூட்டுவலியோடு வருடக்கணக்கில் அங்கே உட்கார்ந்து, தன் கையாலேயே அவற்றை ஆல்பங்களில் ஒட்டினார். 1963 ஜனவரியில் அந்த வேலை முடிந்தது, மார்ச்சில் காலமானார். அவர் செய்தது பெரிய தொண்டு, அந்தக் காலத்தில் எல்லோரும் ஒட்டத்தான் செய்தார்கள். ஆனால் இன்று அந்த வழியைப் பின்பற்றக்கூடாது. பசை பின்பக்க எழுத்தை விழுங்கிவிடும், பிரித்தால் அட்டையின் அடுக்கு உரிந்து வரும். மேலே பிளாஸ்டிக் படலம் மூடும் பசைப்பரப்பு போட்டோ ஆல்பங்களும் இதே ரகம்தான்.

வீட்டுப் பெரியவரிடமிருந்து அப்படியொரு ஆல்பம் உங்களுக்கு வந்திருந்தால், கார்டைப் பிடித்து இழுக்காதீர்கள், தண்ணீரிலும் போடாதீர்கள். மெழுகு பூசாத பல் இடுக்கு நூலைக் கார்டுக்கும் தாளுக்கும் இடையில் விட்டு, ரம்பம் போல மெதுவாக அசைத்துப் பாருங்கள். நூல் நகரவில்லை என்றால் அதோடு நிறுத்திவிட்டு, கார்டைச் சுற்றித் தாளையே வெட்டி எடுத்து, தாளோடு சேர்த்துப் பெரிய பாக்கெட் ஒன்றில் வையுங்கள்.