பரண்ல கெடந்த மை புக் லைவ்ல லினக்ஸ் ஏத்துறது, ஏத்துனது கெட்டா மீட்குறது

போன மாசம் சித்தப்பா வீட்டுப் பரண்ல இருந்து ஒரு கறுப்பு டப்பா எறங்குச்சு. வெஸ்டர்ன் டிஜிட்டல் மை புக் லைவ், 2 டிபி. லேன் கேபிள்ல மாட்டி வீடு பூரா ஃபைல் எடுத்துக்குற ஹார்ட் டிஸ்க், இந்த வகையை நாஸ்னு சொல்வாங்க. "டேய், அக்கா கல்யாண வீடியோ எல்லாம் இதுலதான் இருக்கு, நெட்ல மாட்டாதேன்னு யாரோ சொன்னாங்கன்னு கழட்டி மேல போட்டுட்டேன்"னார். சொன்னவங்க சரியாத்தான் சொல்லியிருக்காங்க. இந்த மாடலுக்கு 2015க்கு அப்புறம் ஃபர்ம்வேர் அப்டேட்டே வரல, 2021 ஜூன்ல உலகம் பூரா நெறைய பேரோட டப்பாவை யாரோ வெளிய இருந்தே ஃபாக்டரி ரீசெட் பண்ணி மொத்த டேட்டாவையும் தொடச்சுட்டாங்க. ரீசெட் பண்ற இடத்துல பாஸ்வேர்டு கேக்குற கோடு வரிகளை கமென்ட் பண்ணி வச்சிருந்ததுதான் காரணம்னு பின்னாடி தெரிஞ்சுது. கம்பெனியே நெட்ல இருந்து கழட்டி வைங்கன்னு சொல்லிடுச்சு.

ஆனா ஹார்ட்வேர் மேல ஒரு குத்தமும் இல்ல. 800 மெகாஹெர்ட்ஸ் பவர்பிசி ப்ராசஸர், 256 எம்பி ராம், ஜிகாபிட் லேன், ஃபேன் கிடையாது அதனால சத்தமும் கிடையாது. வீட்டு ஃபோட்டோ, வீடியோ போட்டு வைக்க இது தாராளம். பழைய சாஃப்ட்வேரைத் தூக்கிட்டு, ரவுட்டர் மாதிரி சின்ன டப்பாக்களுக்குன்னே வர்ற லினக்ஸான ஓப்பன்டபிள்யூஆர்டி போட்டா போதும். (இனிமே ஓப்பன்வர்ட்னே எழுதுறேன், கை வலிக்குது.)

புதுசா கத்துக்கிறவங்களுக்கு ஏன் இந்த டப்பாவைச் சொல்றேன்னா, மத்த நிறைய நாஸ்ல ஓஎஸ் போர்டுல இருக்கிற ஃபிளாஷ் சிப்புல இருக்கும், அது கெட்டுப்போனா சீரியல் கேபிள், சால்டரிங்னு அலையணும். இதுல போர்டுல இருக்கிறது வெறும் 512 கேபி ஃபிளாஷ், அதுல யூபூட்ங்கிற, ஓஎஸ்ஸை எழுப்பிவிடுற சின்ன புரோகிராம் மட்டும்தான். கரண்ட் வந்ததும் யூபூட் எந்திரிச்சு ஹார்ட் டிஸ்க்கோட முதல் பார்ட்டிஷன்ல போய் பூட் ஸ்கிரிப்டைத் தேடும், மிச்சம் எல்லாம் டிஸ்க்லதான். அதனால என்ன சொதப்பினாலும் டிஸ்க்கைக் கழட்டி மறுபடி எழுதிக்கலாம். யூபூட்டை மட்டும் தொடாதீங்க, அவ்ளோதான்.

முதல்ல டேட்டா

இதைத் தாண்டிட்டு அடுத்ததுக்குப் போகாதீங்க. பழைய சிஸ்டம் இன்னும் ஓடுதுன்னா, ரவுட்டர்ல இன்டர்நெட் ஒயரைப் பிடுங்கிட்டு டப்பாவை மாட்டி நெட்வொர்க் வழியாவே காப்பி எடுத்துடுங்க. புது விண்டோஸ்ல ஷேர் திறக்கலன்னா எஸ்எஸ்எச் (டப்பாவுக்குள்ள கமாண்ட் அடிச்சு நுழையுற வழி) இருக்கு: பிரவுசர்ல டப்பாவோட ஐபிக்குப் பின்னாடி சாய்கோடு, யூஐ (ரெண்டும் பெரிய எழுத்து), மறுபடி சாய்கோடு, எஸ்எஸ்எச் (சின்ன எழுத்து) போட்டா ஒரு பக்கம் வரும், அங்க ஆன் பண்ணிக்கலாம். யூசர் ரூட், பாஸ்வேர்டு ஆங்கிலத்துல வெல்கம்னு எழுதி நடுவுல ஓ-வுக்குப் பதிலா சைபர். இது ஊருக்கே தெரிஞ்ச பாஸ்வேர்டு, அதுக்குத்தான் இன்டர்நெட் ஒயரைப் பிடுங்கச் சொன்னேன்.

டப்பா ஓடலன்னா டிஸ்க்கைக் கழட்டி பிசில மாட்டணும். இங்கதான் நெறைய பேர் ஏமாறுவாங்க. இதோட டேட்டா பார்ட்டிஷன் எக்ஸ்ட்4ங்கிற லினக்ஸ் ஃபார்மேட்தான், ஆனா பிளாக் சைஸ் (ஃபைலை வெட்டி வைக்குற துண்டோட அளவு) 64 கேபி. நம்ம பிசியோட லினக்ஸ் மெமரியை 4 கேபி 4 கேபியாத்தான் பாக்கும், அதனால மவுன்ட் பண்ணா (ஃபைல் தெரியுற மாதிரி டிஸ்க்கைத் திறந்தா) பெரும்பாலும் சூப்பர்பிளாக் தப்புன்னு எர்ரர் வரும், உடனே டிஸ்க் போச்சுன்னு ஃபார்மேட் அடிச்சுடாதீங்க. டிஸ்க் நல்லாத்தான் இருக்கு. ஃபியூஸ்-எக்ஸ்ட்2ன்னு ஒரு புரோகிராம் இருக்கு, அதை இன்ஸ்டால் பண்ணி நாலாவது பார்ட்டிஷனை ரீட்-ஒன்லியா மவுன்ட் பண்ணா எல்லாம் தெரியும். மெதுவா காப்பி ஆகும், ராத்திரி விட்டுட்டு தூங்கப் போயிடுங்க. அக்கா கல்யாண வீடியோ அப்படித்தான் கெடச்சுது.

டப்பாவைத் தொறக்குறது

வெளிய ஸ்க்ரூ எதுவும் தெரியாது, எல்லாம் பிளாஸ்டிக் கிளிப். ஸ்க்ரூ டிரைவரால நெம்பினா உடையும், பழைய ஏடிஎம் கார்டு ரெண்டு எடுத்து இடுக்குல விட்டு மெதுவா தள்ளுங்க.

இமேஜ் எழுதுறது

ஓப்பன்வர்ட் டவுன்லோடு பக்கத்துல ஏபிஎம்821எக்ஸ்எக்ஸ், அதுக்குள்ள சாட்டா பிரிவு, அதுல மை புக் லைவ் பேர் போட்ட ஃபாக்டரி இமேஜ். நான் போட்டது 24.10. ராஸ்பெரி பைக்கு வர்ற இமேஜ் எதுவும் இதுல ஓடாது, அது ஆர்ம், இது பவர்பிசி. ஸ்குவாஷ்எஃப்எஸ், எக்ஸ்ட்4னு ரெண்டு வகை வரும், நான் எக்ஸ்ட்4 எடுப்பேன், ஏன்னு மீட்குற இடத்துல புரியும். டவுன்லோடு கெடாம வந்துச்சான்னு செக்சம் சரி பாத்துக்கோங்க.

டிஸ்க்கை யூஎஸ்பி டாக்ல போட்டு லினக்ஸ் பிசில மாட்டி, டிஸ்க் லிஸ்டைக் காட்டுற எல்எஸ்பிஎல்கே கமாண்ட் அடிங்க. எந்தப் பேரு எந்த டிஸ்க்குன்னு அளவையும் மாடலையும் வச்சு உறுதி பண்ணுங்க, டாக்கை ஒரு தடவை உருவிட்டு எது காணாம போகுதுன்னு பாத்தா இன்னும் நல்லது. நான் முதல் தடவை பண்ணப்போ என்கிட்ட ரெண்டு 2 டிபி டிஸ்க் மாட்டியிருந்துச்சு, தப்பான எழுத்தைப் போட்டு என்டர் தட்டிட்டேன், என் சினிமா கலெக்ஷன் மூணே செகண்ட்ல போச்சு. இமேஜை எழுதுற டிடி கமாண்ட் உங்ககிட்ட நிச்சயமான்னு கேக்காது.

எழுதுறதுக்கு முன்னாடி வைப்எஃப்எஸ் கமாண்டை மைனஸ் ஏ போட்டு ஓடவிட்டு பழைய ரெய்டு, பார்ட்டிஷன் அடையாளங்களை அழிச்சுடுங்க. பழைய சிஸ்டம் முதல் ரெண்டு பார்ட்டிஷனை ரெய்டா வச்சிருக்கும், அந்த மிச்சம் இருந்தா பின்னாடி குழப்பும். அப்புறம் இமேஜை விரிச்சு டிடியாலயோ, கமாண்ட் பயம்னா எட்சர்லயோ எழுதுங்க.

டிஸ்க் டாக்ல இருக்கும்போதே டேட்டாவுக்கு மூணாவது பார்ட்டிஷனையும் போட்டுடுங்க. முதல் ரெண்டும் ஓப்பன்வர்ட்டோடது, அதைப் பெருசாக்கலாமேன்னு ஆசைப்படாதீங்க. எஃப்டிஸ்க்ல (பார்ட்டிஷன் பிரிக்கிற கமாண்ட்) மூணாவதை உருவாக்கும்போது முதல் செக்டர் எதுன்னு கேக்கும், அது தானா காட்டுற நம்பரை விட்டுட்டு 8388608 போடுங்க. ஒரு செக்டர் 512 பைட், அதாவது சரியா 4 ஜிபி தள்ளி ஆரம்பிக்குது. நாளைக்குப் புது இமேஜ் கொஞ்சம் பெருசா வந்தாலும் உங்க டேட்டா மேல ஏறாது. கடைசி செக்டரை அப்படியே விட்டு, சேவ் பண்ணி, சாதாரண எக்ஸ்ட்4 ஃபார்மேட். 3 டிபி டிஸ்க்னா இந்த இமேஜோட பார்ட்டிஷன் டேபிள் எம்பிஆர்ங்கிற பழைய வகைங்கிறதால 2 டிபிக்கு மேல கைக்கு வராது, பழகுற வரைக்கும் அதோட திருப்திப்படுங்க.

மொத பூட்

டிஸ்க்கைத் திரும்ப மாட்டி லேன் கேபிள் போட்டு கரண்ட் குடுங்க. ரெண்டு நிமிஷம் கழிச்சு ரவுட்டர் லிஸ்ட்ல புதுசா ஓப்பன்வர்ட்னு ஒரு ஐபி வரும். பிரவுசர்ல அந்த ஐபி போட்டா லூசிங்கிற செட்டிங்ஸ் பக்கம், யூசர் ரூட், பாஸ்வேர்டு இல்ல. முதல் வேலையா பாஸ்வேர்டு வைங்க. அப்புறம் மவுன்ட் பாயின்ட்ஸ் மெனுவுல மூணாவது பார்ட்டிஷனை அதோட யூயூஐடி (பார்ட்டிஷனோட தனி அடையாள எண்) வச்சு மவுன்ட் பண்ணுங்க, மெனுவே இல்லன்னா பிளாக்-மவுன்ட் பேக்கேஜ் போட்டா வரும். ஃபைல் ஷேர் பண்ற புரோகிராம்ல சாம்பா4 வேண்டாம், 256 எம்பி ராமுக்கு அது கனம், கேஎஸ்எம்பிடி போதும், அதுக்கு லூசி பக்கமும் தனி பேக்கேஜா இருக்கு. எச்டி-ஐடில் போட்டா யாரும் தொடாதப்போ டிஸ்க் தூங்கும். ஓப்பன்வர்ட் லாக் எல்லாத்தையும் ராம்ல எழுதுறதால டிஸ்க்கைத் தட்டி எழுப்பிட்டே இருக்காது, எனக்கு இதுல ரொம்பப் பிடிச்ச விஷயம் இதுதான். ஆனா இதை ரவுட்டர்ல போர்ட் திறந்து வெளிய காட்டாதீங்க, சித்தப்பா டப்பா பரணுக்குப் போன கதையே அதுதான்.

கெட்டா மீட்குறது

அடிக்கடி நடக்குறது, ஐபியை மாத்தப் போய் தப்பா போட்டு டப்பா நெட்வொர்க்ல இருந்து காணாம போறது. டிஸ்க்கைக் கழட்டி டாக்ல போடுங்க, ரெண்டாவது பார்ட்டிஷனை மவுன்ட் பண்ணுங்க, ஈடிசிக்குள்ள கான்ஃபிக் ஃபோல்டர்ல நெட்வொர்க்னு ஒரு ஃபைல் இருக்கும், டெக்ஸ்ட் எடிட்டர்ல திறந்து ஐபியைத் திருத்தி சேவ் பண்ணி மாட்டுனா வேலை முடிஞ்சுது. எக்ஸ்ட்4 எடுக்கச் சொன்னது இதுக்குத்தான், ஸ்குவாஷ்எஃப்எஸ்ல இப்படி நேரா கைவைக்க முடியாது.

பூட்டே ஆகலன்னா, அப்டேட் நடுவுல கரண்ட் போயிடுச்சுன்னு வைங்களேன், ஃபாக்டரி இமேஜை மறுபடி மேலேயே எழுதுங்க. எழுதினதும் பார்ட்டிஷன் டேபிளும் மாறிடும், மூணாவது பார்ட்டிஷன் காணாம போயிருக்கும், நெஞ்சு பக்குன்னு ஆகும். பதறாதீங்க, போனது டேபிள்ல இருந்த ஒரு வரிதான், டேட்டா அதே எடத்துல இருக்கு. எஃப்டிஸ்க் திறந்து மூணாவதை அதே 8388608ல ஆரம்பிச்சு, கடைசி செக்டரும் போன தடவை மாதிரியே விட்டு உருவாக்குங்க. அப்போ இங்க ஒரு எக்ஸ்ட்4 அடையாளம் இருக்கு, அழிக்கவான்னு கேக்கும். கண்டிப்பா வேண்டாம்னு சொல்லணும், நோவுக்கு ஆங்கில 'என்' எழுத்தை அழுத்தி என்டர். இந்த ஒரு கேள்விக்கு அவசரத்துல எஸ் போட்டு அழுதவங்க இருக்காங்க. சேவ் பண்ணிட்டு ஈ2எஃப்எஸ்சிகேயை மைனஸ் என் போட்டு ஓட்டுங்க, அது எதையும் மாத்தாம பாத்து மட்டும் சொல்லும். சரின்னு வந்தா மவுன்ட் பண்ணிப் பாருங்க. இமேஜ் புதுசுங்கிறதால மவுன்ட், ஷேர், பாஸ்வேர்டு எல்லாம் திரும்ப வைக்கணும், லூசில முன்னாடியே பேக்கப் ஃபைல் டவுன்லோடு பண்ணி பிசில வச்சிருந்தா அதை ஏத்திவிட்டா போதும், பேக்கேஜ் மட்டும் மறுபடி போடணும்.

டிஸ்க்கே செத்துப்போனா வேற சாட்டா டிஸ்க் வாங்கி மேல சொன்னதை முதல்ல இருந்து பண்ணுங்க. டேட்டாவுக்கு வேற எங்கயாவது காப்பி இருக்கான்னு நான் கேக்க மாட்டேன், சித்தப்பாகிட்ட கேட்டு ஒரு தடவை திட்டு வாங்கியாச்சு.

அந்த 8388608ஐ ஒரு சின்ன சீட்டுல எழுதி செல்லோடேப் போட்டு டப்பா அடியில ஒட்டி வச்சிருக்கேன். பாத்துட்டு சித்தப்பா கேட்டார், "இது யாரு ஃபோன் நம்பர், மூணு நம்பர் கொறையுதே?"