ஃப்ளோரைடு மவுத்வாஷ்: எப்போது, எப்படி?

மவுத்வாஷ் வாங்கும்போது பாட்டிலைத் திருப்பி, பின்பக்கம் ‘சோடியம் ஃப்ளோரைடு’ என்று இருக்கிறதா பாருங்கள். கடையில் கிடைப்பதில் பல, வாய் நாற்றத்தைப் போக்க மட்டுமே. சொத்தையைத் தடுக்க ஃப்ளோரைடு வேண்டும். அது எச்சிலில் கலந்து, அமிலத்தால் அரிக்கப்பட்ட எனாமலில் (பல்லின் கடினமான மேல்படலம்) கால்சியமும் பாஸ்பேட்டும் மறுபடி படிய உதவுகிறது.

சோடியம் ஃப்ளோரைடு 0.05 சதவீதம் என்றால் தினமும் கொப்பளிக்கலாம். 0.2 சதவீதம் வாரத்துக்கு ஒருமுறைக்கானது. அதை டாக்டர் சொன்னால் மட்டும் வாங்குங்கள்.

பலரும் பல் தேய்த்த கையோடு கொப்பளிக்கிறார்கள். அப்படிச் செய்ய வேண்டாம். பேஸ்ட்டில் சுமார் 1000 பிபிஎம் (பத்து லட்சத்தில் 1000 பங்கு) ஃப்ளோரைடு இருக்கும், தினசரி மவுத்வாஷில் 225தான். பல்லில் ஒட்டியிருக்கும் கெட்டியான மருந்தை நாமே கழுவி விடுகிறோம். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். மூடியில் 10 மில்லி அளந்து, ஒரு நிமிடம் பல்லிடுக்கெல்லாம் போகும்படி கொப்பளித்துத் துப்புங்கள். தண்ணீர் விட்டு வாயை அலச வேண்டாம். அப்புறம் அரை மணி நேரம் காபி, டீ, தண்ணீர் எதுவும் கூடாது.

பல்லுக்குக் கம்பி போட்டவர்களுக்கும், வாய் அடிக்கடி உலர்பவர்களுக்கும் இது நல்ல துணை. 6 வயதுக்குக் கீழே கொடுக்காதீர்கள், விழுங்கிவிடுவார்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் நிலத்தடி நீரிலேயே ஃப்ளோரைடு அதிகம். அங்கே போர் தண்ணீர் குடிக்கும் வீடுகளில் பல் டாக்டரைக் கேட்காமல் பிள்ளைகளுக்குத் தொடங்க வேண்டாம்.