ஜனநாயகத்துக்கு பணம் குடுக்குற ஃபவுண்டேஷன்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்கால வாக்காளர் பதிவு, தேர்தல் சீர்திருத்தம்னு வேலை பாக்குற அமைப்புகளுக்கு ஃபவுண்டேஷன்கள், அதாவது தனியார் அறக்கட்டளைகள், நல்லாவே பணம் குடுக்குது, ஆனா அது வந்து சேர்ற நேரம்தான் தலைவலி. நவம்பர்ல எலக்‌ஷன், செப்டம்பர்ல கிராண்ட் வந்தா ஆள் எடுத்து ட்ரெயினிங் குடுத்து எப்போ வீடு வீடா போறது, பல மாநிலத்துல பதிவு செய்ய கடைசி தேதியே எலக்‌ஷனுக்கு மூணு நாலு வாரம் முன்னாடி முடிஞ்சிடும். எலக்‌ஷன் முடிஞ்சதும் பணமும் நின்னுடும், பழகின ஆளுங்க வேற வேலைக்கு போயிடுவாங்க, அடுத்த தடவ மறுபடி முதல்லேருந்து. இதனாலதான் 2024ல டெமாக்ரசி ஃபண்ட்ங்கற அமெரிக்க ஃபவுண்டேஷன் 'ஆல் பை ஏப்ரல்'னு ஒரு பிரச்சாரம் ஆரம்பிச்சு, குடுக்குறத ஏப்ரலுக்குள்ள குடுத்துடுங்கனு மத்த ஃபண்டர்கள்கிட்ட கேட்டாங்க.

அடுத்தது சட்டத்த பாத்து ஓவரா நடுங்குறது. இதுக்கு பழைய கதை ஒண்ணு இருக்கு. 1967ல ஃபோர்டு ஃபவுண்டேஷன் கோர்ங்கற சிவில் ரைட்ஸ் அமைப்புக்கு குடுத்த பணத்துல ஒரு பகுதி க்ளீவ்லாண்ட்ல வாக்காளர் பதிவுக்கு போச்சு, அதே வருஷம் கார்ல் ஸ்டோக்ஸ்ங்கற கறுப்பினத்தவர் அங்க மேயரா ஜெயிச்சார், சில அரசியல்வாதிகளுக்கு எரிஞ்சுது, 1969 வரிச் சட்டத்துல கட்டுப்பாடு வந்துடுச்சு. வாக்காளர் பதிவுக்குன்னே ஒதுக்கி குடுத்தா, வாங்குற அமைப்பு கட்சி சார்பில்லாம, 5 மாநிலத்துக்கு குறையாம, ஒரே எலக்‌ஷனோட நிக்காம வேலை செய்யணும். ஆனா இதுன்னு ஒதுக்காம பொதுச் செலவுக்கு குடுத்தா, அந்த அமைப்பு தனக்கு சட்டம் வெச்சிருக்குற வரம்புக்குள்ள லாபியிங்கூட (சட்டம் போடுறவங்ககிட்ட ஆதரவு கேக்குறது) பண்ணலாம். இத கேக்காமலே, லாயர் முகத்த சுளிச்சதும் ஃபவுண்டேஷன்காரங்க ஃபைல மூடிடுறாங்க, எனக்கு இதுதான் ரொம்ப கடுப்பு.

இன்னொரு பக்கம், அரசு செய்ய வேண்டிய செலவ தானே தூக்கி சுமக்குறது. 2020 கொரோனா நேரத்துல ஃபேஸ்புக் ஸக்கர்பெர்க் தம்பதி சென்டர் ஃபார் டெக் அண்ட் சிவிக் லைஃப்ங்கற லாப நோக்கமில்லாத அமைப்பு வழியா தேர்தல் ஆபீஸ்களுக்கு சுமார் 35 கோடி டாலர் குடுத்தாங்க. அந்த நேரத்துக்கு தேவைதான், மறுக்கல. ஆனா தனியார் பணம் தேர்தல்ல புகுந்துடுச்சோன்னு சந்தேகம் கிளம்பி, அப்புறம் 20க்கும் மேல மாநிலங்கள் தனியார் பணத்துக்கு தடையோ கட்டுப்பாடோ போட்டுடுச்சு, அரசு பட்ஜெட்ல அந்த ஓட்டைய நிரந்தரமா அடைக்கச் சொல்லி கேக்குற வேலைக்கும் கூடவே பணம் போட்டிருக்கணும்.

அப்புறம் ரிப்போர்ட்ல எத்தன வாக்காளர் பதிவு ஃபாரம் நிரப்புனீங்கனு மட்டும் கேக்குறது. அப்படி கேட்டா சுலபமா ஆள் கிடைக்குற இடத்துலயே டேபிள போட்டு உக்காந்துடுவாங்க, தொகுதி எல்லை வரையற மாதிரி வருஷக்கணக்கா இழுக்குற வேலைய யாரும் தொடவே மாட்டாங்க.