கருவிலேயே எலும்பு முறிந்த குறைமாதக் குழந்தையைக் கையாளும் முறை

குறைமாதக் குழந்தையின் எக்ஸ்ரேயில் முறிவு தெரிந்ததும், கொங்குப் பகுதி வீடுகளில் பிரசவம் பார்த்தவரின் கை தவறியதா, மருமகள் தண்ணீர்க்குடம் தூக்கியதாலா என்று பேச்சு தொடங்கிவிடும். குடம் தூக்கியதால் நலமான கருவின் எலும்பு முறிவதில்லை. முறிந்த இடத்தில் புது எலும்பு கட்டியிருக்கிறதா என்று மருத்துவரிடம் கேளுங்கள். அது படத்தில் தெரிய ஏறத்தாழ 7 முதல் 10 நாள் ஆகும் என்பதால், பிறந்த ஓரிரு நாளில் எடுத்த படத்திலேயே தெரிந்தால், முறிவு வயிற்றுக்குள் நேர்ந்தது என்று பொருள்.

அப்படியானால் எலும்புக்கு உறுதி தரும் கொலாஜன் என்ற புரதத்தின் குறைபாட்டால் எலும்பு எளிதில் நொறுங்கும் பிறவி நோய் உண்டா என்று மரபணுச் சோதனை செய்வார்கள். கண்ணின் வெள்ளை நீலம் பாய்ந்திருப்பது அதன் அடையாளங்களுள் ஒன்றுதான்; ஆனால் நலமான குறைமாதக் குழந்தைக்கும் அப்படித் தோன்றலாம். மேலும், கரு சேர்க்கும் கால்சியத்தில் ஏறத்தாழ 80 சதவீதம் கடைசி மூன்று மாதங்களில்தான் சேர்கிறது; அதற்கு முன்பே பிறந்த குழந்தைக்கு முறியாத எலும்புகளும் வலுக் குறைந்தே இருக்கும்.

ஆகவே, துணி மாற்றும்போது இரு கணுக்கால்களையும் சேர்த்துப் பிடித்துத் தூக்காமல், பிட்டத்தின் கீழ் உள்ளங்கையைக் கொடுத்து உயர்த்த வேண்டும். அக்குளில் கைகொடுத்து எடுக்கக் கூடாது. ஒரு கை தலைக்கும் தோளுக்கும், மறு கை இடுப்புக்கும் அடியில் இருக்கட்டும். முன்பக்கம் முடிச்சிடும் சட்டையே நல்லது. சட்டையின் கையை முழுவதும் சுருக்கி, உங்கள் விரல்களை உள்ளே விட்டுக் குழந்தையின் கையைத் தாங்கிக்கொண்டு துணியை மேலே நகர்த்துங்கள். அம்மாயி காலை நீட்டி உட்கார்ந்து, குழந்தையைக் கிடத்தி, எண்ணெய் தேய்த்துக் கைகால்களை உருவிவிடும் குளியலை, மருத்துவர் அனுமதிக்கும்வரை நிறுத்திவைக்க வேண்டும். அம்மாயியின் கைப்பக்குவத்தில் குறையில்லை. இந்த எலும்பு அதைத் தாங்காது, அவ்வளவுதான். உடல் வளைந்து கிடக்கும் சேலைத் தொட்டிலுக்குப் பதிலாகச் சமமான படுக்கை போதும்.

ஒரு கையையோ காலையோ மட்டும் அசைக்காமலிருத்தல், துணி மாற்றும்போதெல்லாம் வீறிடுதல், வீக்கம் ஆகியவை புது முறிவாக இருக்கலாம். நாட்டுக்கட்டுப் போடாமல், அந்த உறுப்பை அசைக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள். தடுப்பூசி நாளில், செவிலியர் தொடையைப் பிடிப்பதற்கு முன்பே நோயைச் சொல்லிவிடுங்கள். காலை அழுத்திப் பிடிக்காமல் தாங்கிக்கொண்டே ஊசி போடுவார்கள்.