டிசம்பர் பூச்செடியைத் தை கடைசியில் வெட்டிவிடுங்கள்

திருநெல்வேலி வெயிலுக்கு அசராத பூச்செடி வேண்டுமென்றால் டிசம்பர் பூ வையுங்கள். ஒருமுறை வேர் பிடித்தால் வருடக்கணக்கில் நிற்கும். பூ முடிந்ததும் செடியை அப்படியே விட்டுவிடுவதுதான் பலர் செய்யும் தவறு. தை கடைசியில், காய்ந்த பூங்கொத்தின் செதில்கள் முள்மாதிரி விரலில் குத்தும். அதுதான் சமயம். தரையிலிருந்து ஒரு சாண் விட்டு வெட்டுங்கள், தயங்கவே வேண்டாம். ஒவ்வொரு கணுவிலும் எதிரெதிராக இரண்டு துளிர் வரும். கிளை கூடினால்தான் ஐப்பசி மழைக்குப் பிறகு மொட்டும் கூடும். அப்புறம் தூரைச் சுற்றிக் கொஞ்சம் மட்கிய சாணம் போட்டால் போதும். வெட்டிய தண்டை வீசாதீர்கள். மூன்று கணு உள்ள துண்டுகளாக நறுக்கி, செம்மண்ணும் மணலும் கலந்த தொட்டியில் நிழலில் ஊன்றுங்கள். ஈரம் காயக்கூடாது, தண்ணீர் தேங்கவும் கூடாது. அக்கம்பக்கத்து வீட்டுக்கும் ஆளுக்கொரு செடி கொடுக்கலாம்.